இரண்டாவது ஆப்பு

காலை ஏழு நாற்பது. மூன்று குண்டு. சுட்டது அழகுநாச்சி.

இவ்வளவுதான் தம்பி நடந்தது. இதற்கு மேல் ஊருக்குள் யார் எதைச் சொல்லியிருந்தாலும் நம்பாதீங்க. டீக்கடையில் நின்றிருப்பீங்க, நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றவன்.

உட்காருங்க. கிளப் செயலாளர் வராமல் கேட் திறக்காது. சாவி அவரிடம். முன்னால் என்னிடம் இருந்தது. அரைமணி நேரம் என்று சொல்லியிருப்பார், ஒன்றரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்க. அரிசி ஆலைக்காரர், கடைசி மூட்டை லாரியில் ஏறினால்தான் கிளம்புவார். பாக்கியம், தம்பிக்கு ஒரு டீ போடு. சர்க்கரை போடலாமா தம்பி? போடு.

உங்கள் வண்டியில் இருக்கிற தகட்டை எட்டிப் பார்த்தேன். விரலால் சுண்டியும் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீங்க. சத்தம் சுத்தமாக இருக்கிறது. திருச்சியில் வாங்கியதா? நாங்கள் குறி வைத்துச் சுட்ட பழைய தகடு இப்படி இல்லை. வெறும் சாதா இரும்பு. பதினோரு வருஷம் அடி வாங்கி அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிவிட்டது. மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் தூரத்தில் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் அடிப்பேன்.

"வெள்ளைச்சாமிய தகட்டுப் பக்கம் விட்றாதீங்க"ன்னு செயலாளர் சொல்லி அனுப்பினாரா இல்லையா? சிரிக்கிறீங்க. சொல்லியிருப்பார். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தார் வரைக்கும் வந்தவன் நான். இந்தக் குவாரியில் கல் உடைப்பதை நிறுத்தி, துப்பாக்கி கிளப்புக்கு விட்டபோது முதல் கம்பம் நட்டது நான். இந்த வீடுகூட கிரஷர் ஆபீஸ்தான், அதனால்தான் இரும்புக் கதவு. இப்போது நான் வெறும் காவல். கேட்டுக்கு வெளியே இருக்கலாம், ஓரமாக நடக்கலாம், தகட்டைத் தொடக் கூடாது. சரி, தொடவில்லை. வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் உங்களுக்கு ஒன்றும் குறையாதே?

கேளுங்க. போல்ட் ஓட்டை சரியாக உட்காரவில்லை என்று கடைசி நேரத்தில் கேஸ் டார்ச்சைத் தூக்காதீங்க. தூக்குவீங்க, எனக்குத் தெரியும், எல்லா வெல்டரும் தூக்குவான். சூடு பட்ட இடம் மெத்தென்று ஆகிவிடும். மெத்தென்ற இடத்தில் குண்டு குழி பறிக்கும். வழவழப்பான தகட்டில் பட்ட குண்டு, தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி தூள்தூளாகச் சிதறிப் போய்விடும். குழியில் விழுந்தது அப்படிப் போகாது. கிண்ணத்தில் வேகமாக ஊற்றின மாதிரி, வந்த வழியே திரும்பும்.

அடுத்தது, தகட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர். கிரஷர் பெல்ட் துண்டு பின்னால் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்க. ஒற்றை போல்ட், நட்டை ஒரேயடியாக முறுக்காதீங்க. அடி வாங்குகிறவனுக்குக் கொஞ்சம் அசைய இடம் வேண்டும்.

கடைசியாக ஆப்பு. இதுதான் முக்கியம். தகட்டின் மேல்விளிம்புக்குப் பின்னால், கம்பத்துக்கும் தகட்டுக்கும் நடுவில், ஒரு மரக்கட்டையைச் செருகணும். செருகினால் தகடு தலையை முன்னால் சாய்த்து நிற்கும், வாத்தியாரிடம் மாட்டின பையன் மாதிரி. அந்தச் சாய்வு இருந்தால் சிதறுகிற ஈயம் அத்தனையும் மண்ணில் இறங்கும். குழி விழுந்த தகடாக இருந்தாலும் முக்கால்வாசி மண்ணுக்குத்தான். பழைய தகட்டுக்கு அடியில் நீங்கள் மண்ணைக் கிளறினால் ஈயமாக வரும். ஆப்பு இல்லையென்றால்?

ஆப்பு இல்லாமல் இருந்ததே இல்லை தம்பி. நான் இருந்தவரைக்கும்.

நாச்சியைப் பற்றிக் கேட்டீங்க. கேட்கவில்லையா? சரி, கேட்கத்தானே போகிறீங்க.

டவுன் பஸ் கண்டக்டர் மகள். பத்தாவது படிக்கும்போது என்.சி.சி. பிள்ளைகளோடு வந்தாள். மற்றவர்கள் துப்பாக்கியைப் பார்த்தார்கள், இவள் தகட்டைப் பார்த்தாள். "மாமா, அது ஏன் தலை குனிஞ்சு நிக்குது? என்னைப் பாத்து வெக்கமா?" என்றாள். முதல் நாளே மாமா. பட்டாளத்தில் அதிகாரி என்னை வெள்ளைச்சாமி என்றான், கிளப்பில் ஹவில்தார் என்றார்கள். பிள்ளையில்லாத வீட்டுக்கு வந்து மாமா என்றவள் அவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரி பாக்கியத்தை அத்தை என்பாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் பாருங்க, அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

சுடுவாள் தம்பி. எப்படிச் சொல்வது? மற்றவர்கள் சுடும்போது மூச்சைப் பிடிப்பார்கள், பல்லைக் கடிப்பார்கள். இவள் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி சுடுவாள். 'டங்'. அவசரமே இல்லாமல் அடுத்தது. 'டங்'. எஸ்.ஐ. வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போட்டிருந்தாள். மாநிலப் போட்டியில் ஒரு மெடல் வந்தால் போதும், வேலை கையில் என்று எல்லோரும் சொன்னோம். அவள் அப்பா என் கையைப் பிடித்து, "அண்ணே, எங்க வம்சத்துல பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிச்சவன்தான் இருக்கான், லத்தி புடிச்சவன் இல்ல"ன்னார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆயுத பூஜை. வியாழக்கிழமை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு, நான் கொண்டுவந்தது. துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் தகட்டுக்குத்தான் முதல் பொட்டு. துப்பாக்கி அடிக்கிறது, தகடு வாங்கிக்கொள்கிறது. வருஷம் முழுக்க நமக்காக அடி வாங்குகிறவனுக்கு முதல் மரியாதை செய்யணுமா வேண்டாமா? அன்றைக்கு அதற்குக் குளியல், புதுப் பெயிண்ட், சந்தனம், குங்குமம், மாலை. ஆனால் ஒன்று. தலை சாய்ந்த தகட்டில் மாலை போட்டால் நிற்காது, முன்னால் தொங்கும். சந்தனம் வழியும். செயலாளர் போட்டோ எடுக்க நின்றவர், "வெள்ளைச்சாமி, சாமியா நெனச்சுக் கும்புடுறோம், அது குத்தவாளி மாதிரி குனிஞ்சு நிக்குதேய்யா, நிமித்துங்க"ன்னார். ஒவ்வொரு வருஷமும் சொல்வதுதான். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். ஆப்பை உருவினேன். தகடு நிமிர்ந்தது. கம்பத்தோடு ஒட்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அழகாகத்தான் இருந்தது.

உருவின ஆப்பைக் கீழே போடுவதா? அதுவும் ஆயுதம்தானே. தாம்பாளத்தில் ஸ்பேனர், எண்ணெய்க் கேன், பெயிண்ட் பிரஷ், அதோடு ஆப்பு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நாச்சிதான் வைத்தாள். ஆப்புக்கு வைக்கும்போது, "இதுக்கு மூணு பொட்டு மாமா, தகட்டோட கழுத்தைப் புடிச்சுக் குனிய வைக்கிறவரு இவருதான்"ன்னாள். மூன்று பொட்டு வரிசையாக வைத்தாள்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. உங்கள் பட்டறையிலும் அப்படித்தானே? மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டுத்தான் தொடணும். அதனால் தகட்டை அப்படியே விட்டோம். தாம்பாளத்தை விட முடியாது, குவாரியில் குரங்கு. தேங்காய் பழம் எல்லாம் அதில்தான் இருந்தது. பாக்கியம் தூக்கிக்கொண்டு வந்து இங்கே விளக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விஜயதசமி காலை. முதல் சூடு நாச்சி சுடணும் என்று நான்தான் சொன்னேன். அடுத்த வாரம் போட்டி, நல்ல நாளில் நல்ல கை தொடங்கட்டும் என்று. சூடம் காட்டினேன். அவள் நெற்றியில் கண்ணாடி இடித்தது. சுடும்போது போடுகிற கண்ணாடி. இரண்டு விரலால் அதைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டு, குங்குமம் வைத்து, விபூதி பூசி, "போ, சாமிய நெனச்சுக்க"ன்னேன். துப்பாக்கியோடு குப்புறப் படுத்தாள்.

டங்.

டங்.

மூன்றாவது 'டங்' வேறு மாதிரி இருந்தது என்று பிறகு ஒருத்தன் சொன்னான். பொய். மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தது. எனக்கு இப்போதும் கேட்கிறது, எனக்குத் தெரியாதா?

அவள் கத்தவில்லை. "மாமா, கண்ணுல என்னமோ விழுந்துருச்சு"ன்னாள். தூசி விழுந்தால் சொல்கிற அதே குரல். சொல்லிவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? துப்பாக்கியைத் திறந்து, காலி என்று பார்த்து, வாயைத் தகட்டுப் பக்கமே வைத்துத் தரையில் கிடத்தினாள். அதற்கப்புறம்தான் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. அந்த நிலையிலும் மறக்கவில்லை. கை முழுக்கச் சிவப்பு. முதலில் குங்குமம் என்றுதான் நினைத்தேன்.

வலது கண். மதுரையில் எடுத்துவிட்டார்கள். அரிசி நொய் அளவு ஈயம் என்றார் டாக்டர். அவ்வளவு தூரத்தில் இருந்து அவ்வளவு சின்னது வந்து அந்தக் கண்ணைத்தான் தேடிப் பிடித்தது என்றால் விதி இல்லாமல் வேறென்ன? கண்ணாடி போட்டிருக்கணும். கண்ணாடி தலையில் இருந்தது, கண்ணில் இல்லை. ஏன் இல்லை? அவளைத்தான் கேட்கணும்.

டீயைக் குடிங்க, ஆறுகிறது.

விசாரணைக் குழு வந்தது. அதற்குள் போலீஸ்காரர்கள் தகட்டைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கம்பம் மட்டும் நின்றது. குழுவில் இருந்த பெரியவர் கேட்டார், "ஆப்பு வெச்சிருந்தீங்களா?" இருந்தது என்றேன். "உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" இது என்ன கேள்வி? தம்பி, இன்றைக்குக் காலையில் சட்டைப் பித்தான் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை. ஆனால் போட்டிருக்கிறீங்களே! அது மாதிரிதான். பத்து வருஷம், மறுபூஜை முடிந்ததும் ஆப்பைச் செருகியிருக்கிறேன். பதினோராவது வருஷம் மட்டும் செருகாமல் போவேனா? "அப்ப ஆப்பு எங்கே?" என்றார். தகட்டைக் கழற்றும்போது விழுந்திருக்கும், குவாரியில் மரக்கட்டைக்கா பஞ்சம் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவளிடமும் கேட்டிருக்கிறார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு சொன்னாளாம்: "ஹவில்தார் மாமா சோத்தை மறந்தாலும் ஆப்பை மறக்க மாட்டாரு. கண்ணாடி போடாதது என் தப்பு." கையெழுத்தும் போட்டாள். அந்தக் கையெழுத்தால்தான் என்மேல் ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான், நான் சொல்லச் சொல்லவில்லை. என்ன, தப்பு அவளுடையது என்று ஆனதால் நஷ்டஈடு இல்லை என்றுவிட்டார்கள். எஸ்.ஐ. வேலையும் போயிற்று, ஒற்றைக் கண்ணுக்கு லத்தி கொடுப்பார்களா? அது எனக்கும் வருத்தம்தான்.

எட்டு மாசம் கழித்து வந்தாள். ஜூன் மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, அப்பாவோடு இல்லை, தனியாக, கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு. "மாமா, ஒங்க டிரில் மாஸ்டர் மொகத்தை மாத்துங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்"ன்னு சிரித்தாள்.

"இடது தோள்ல வச்சுப் பழகுறேன் மாமா. வீட்டுல தொடப்பக்கட்டைய வச்சுக்கிட்டு. அம்மா பேய் புடிச்சிருச்சுன்னு திருநீறு போடுது."

"இடது கண்ணு நல்லா இருக்கா?"

"சாமி ரெண்டு குடுத்தது எதுக்கு? ஒண்ணு உபரி. சொல்லித் தருவீங்களா மாட்டீங்களா?"

திங்கட்கிழமையே வா என்றேன். செயலாளர் மறித்தாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பாக்கியம் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அப்போது கதவு அடித்தது. மேல்காற்று. இந்த இரும்புக் கதவு இருக்கிறதே, காற்றில் போய் நிலையில் மோதினால் அதே சத்தம். 'டங்'. தெரியாதவனுக்குக் கதவு. எனக்கும் அவளுக்கும் கதவு இல்லை. இரண்டு பேருமே எழுந்து நின்றுவிட்டோம். அவள் கை கண்ணுக்குப் போய்விட்டது.

அந்தச் சத்தம் வராமல் இருக்கத்தான் கதவுக்கு அடியில் கட்டை வைப்பது. கூட்டும்போது பாக்கியம் எடுத்து மூலையில் போட்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், அந்தக் கட்டையைக் கண்டால் ஆகாது. இரண்டு தடவை விறகோடு அடுப்பில் வைக்கப் பார்த்தாள், பிடுங்கினேன். நல்ல தேக்கு, என் கையால் சீவினது, எரிப்பதா? ஏன் என்று கேட்டால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் கூட்டப் போய்விடுவாள். முப்பத்தாறு வருஷமாக இப்படித்தான்.

நாச்சி தானே போய் அந்தக் கட்டையை எடுத்தாள், கதவுக்கு வைக்க. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் வைத்துத் திருப்பினாள். கட்டைவிரலால் தடவினாள். தேக்கில் குங்குமம் ஊறிவிட்டால் போகாது தம்பி, மூன்று புள்ளியும் அப்படியே இருக்கிறது.

"மாமா, இது எப்ப வீட்டுக்கு வந்துச்சு?"

"பூஜை அன்னிக்கு. தாம்பாளத்தோட. உங்க அத்தைதான் தூக்கிட்டு வந்தா."

"அப்புறம் வெளிய போகவே இல்லையா?"

"இது எங்க போகும்? விளக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு. ஆஸ்பத்திரியிலருந்து வந்து பாத்தா கதவு அடிச்சுக்கிட்டிருக்கு. கையில இதுதான் ஆப்புட்டுச்சு, வச்சேன்."

அவள் பாக்கியத்தைப் பார்த்தாள். பாக்கியம் உள்ளே போய்விட்டாள். நாச்சி கதவை முழுக்கத் திறந்து, கட்டையை அடியில் வைத்து, செருப்புக் காலால் மெல்லத் தட்டி இறுக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். "இனிமே அடிக்காது மாமா"ன்னாள். காப்பியைத் தொடவில்லை. பஸ் வந்துவிடும் என்று கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எங்கள் ஊருக்கு ஏது பஸ்? கண்டக்டர் மகளுக்கு அது தெரியாதா?

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய் போன் போட்டேன், எடுக்கவில்லை. அவள் அப்பா எடுத்து, "பிள்ளை தூங்குது அண்ணே"ன்னார். சாயந்தரம் அஞ்சு மணிக்குத் தூக்கம். அதோடு சரி. இதுதான் தம்பி என் வயிற்றெரிச்சல். கண்ணைப் பறிகொடுத்தும் என்மேல் கோபப்படாத பிள்ளை, ஒரு காப்பிக்கு உட்கார்ந்த நேரத்தில் என்ன கோபித்துக்கொண்டது? நான் என்ன தப்பாகப் பேசினேன்? பேச்சை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். ஒரு வார்த்தை தப்பாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

பாக்கியத்தைக் கேட்டால், "அந்தக் கட்டைய எரிச்சிருந்தா வந்திருப்பா"ங்கிறாள். பெண்கள் லாஜிக்.

என்ன பார்க்கிறீங்க? ஓ, கதவுக்கடியில் அதைப் பார்க்கிறீங்களா? நீங்களும் தொழில்காரர், கண் அங்கேதான் போகும். ஆமாம், அதே ஆப்புதான், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நீங்கள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. விவரம் தெரியாதவன் அப்படித்தான் யோசிப்பான். இது இங்கே இருந்தால் அங்கே எது இருந்தது என்று. இன்னொன்று இருந்தது. இரண்டு சீவியிருப்பேன். பட்டாளத்தில் எதையும் ஒன்றாக வைத்துக்கொள்ள மாட்டோம், ஒன்று கையில், ஒன்று இருப்பில். சீவினது ஞாபகம் இல்லை, ஆனால் நான் அந்த மாதிரி ஆள். அந்த இரண்டாவது ஆப்பு குவாரியில்தான் எங்கேயோ கிடக்கிறது. போலீஸ்காரன் தகட்டை உருவும்போது தெறித்து, சரிவில் உருண்டு, மழையில் மண் மூடியிருக்கும்.

தினம் காலையில் தேடுகிறேன். வெளிச்சம் வந்ததும் வேலி இடுக்கு வழியாக உள்ளே போய்விடுவேன். கம்பத்தில் இருந்து தொடங்கி, கட்டம் கட்டமாக. காவல்தானே, யார் கேட்பார்? மேற்குப் பக்கம் முடித்துவிட்டேன். தண்ணீர் நிற்கிற பள்ளம் பாக்கி, கோடையில் வற்றினால் அதையும் பார்த்துவிடுவேன். கிடைத்ததும் நேராக அவள் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுப்பேன். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கம்பத்துப் பக்கம் மண்ணை நோண்டும்போது ஏதாவது கட்டை தட்டுப்பட்டால் ஒரு குரல் கொடுங்க. தேக்கு. ஒரு சாண் நீளம், ஒரு பக்கம் ஒல்லியாக இருக்கும்.

அளவுக்கு இதை எடுத்துக்கொண்டு போகலாமா என்றா கேட்டீங்க? இல்லை, விடுங்க. தொடாதீங்க. எடுத்தால் கதவு அடிக்கும். ஐயோ, காலால் தள்ளாதீங்க தம்பி, சொல்கிறேன் இல்லையா!

ஹாரன் கேட்கிறதா? செயலாளர்தான். டீயை வைத்துவிட்டுப் போங்க. இன்னும் ஒன்று மட்டும். என்னிடமிருந்து சாவியை ஏன் வாங்கினார்கள் என்று அவரைக் கேட்காதீங்க, சங்கடப்படுவார். நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் இங்கே வந்துபோன எட்டாம் நாள், 2022 ஜூன் 20, திங்கட்கிழமை, விசாரணைக் குழு ஆபீசுக்கு அழகுநாச்சி தனியாகப் போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.